பெயரோ விடுதலை, பரிசோ சிறைவாசம்!

ஆசாத் என்றால் விடுதலை பெற்றவன் என்று பொருள். முகைதீன் அகமது என்று பெற்றோர் பெயரிட்ட ஓர் இளைஞர், பழைய தளைகளை அறுத்தெறிந்தேன் என்பதற்கு அடையாளமாகத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அது. உலகம் அவரை மௌலானா அபுல் கலாம் ஆசாத் என்று அறியும்.

விடுதலை என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு வெள்ளையர் ஆட்சி தந்த பரிசு என்ன? சிறை! மறுபடியும் சிறை! 1942 இல் அகமதுநகர்க் கோட்டையில் அடைபட்டபோது அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாழ்ந்த வாழ்நாளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கம்பிகளுக்குப் பின்னே கழிந்திருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, உழைப்பாளிக்கு. வாரத்துக்கு ஒரு நாள் சிறை, ஆசாத்துக்கு!

அவர் நம் கட்சிக்காரர் அல்லர். காங்கிரசின் தலைவர்; டில்லியில் அமைச்சராக இருந்தவர். இருந்தும் அவர் கதையைத் தொழிலாளத் தோழர்கள் அறிய வேண்டும். ஏன்? ஒரு மனிதன் என்ன செய்தான் என்று கேட்காமல், எந்த மதத்தான் என்று கேட்டு ஐயப்படும் ஆட்சி எப்படி நடக்கும், அதன் முடிவு என்ன ஆகும் என்பதை அந்த ஒருவர் வாழ்க்கையே படம்பிடித்துக் காட்டுகிறது.

1888 நவம்பர் 11 அன்று மக்கமாநகரில் பிறந்தார். தந்தை மார்க்க அறிஞர். குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. பள்ளிக்கூடத்தின் படியை மிதிக்காதவர், படிப்பெல்லாம் வீட்டிலேயே. அரபும் பாரசீகமும் உருதுவும் அவருக்குக் கைவந்தன. ஆங்கிலத்தைத் தம் முயற்சியாலே கற்றார். இளமையிலேயே எகிப்து, துருக்கி முதலிய நாடுகளைச் சுற்றினார். அங்கே விடுதலைக்குத் துடித்த இளைஞர்களைச் சந்தித்தார். நம் நாட்டு முஸ்லிம்கள் மட்டும் வெள்ளையன் நிழலில் ஒதுங்கி நிற்பதா என்ற கேள்வியோடு திரும்பினார்.

அவரை வங்கத்துப் புரட்சிக்காரர்கள் வரவேற்றார்களா? இல்லை! அவர்களும் ஐயப்பட்டார்கள். வங்கப் பிரிவினைக்குப் பிறகு, புரட்சிக்காரர்களை வேவு பார்க்க வெளி மாகாணத்திலிருந்து முஸ்லிம் அதிகாரிகளைக் கொண்டுவந்து உளவுப் பிரிவில் வைத்தது வெள்ளை ஆட்சி. சில அதிகாரிகளைக் கண்டு, முஸ்லிம் என்றாலே அரசின் ஆள் என்று முடிவு கட்டினர் அந்த வீரர்கள். தாமும் புரட்சிக் குழுவில் சேர்ந்ததையும், அந்த ஐயத்தைப் போக்கப் பட்ட பாட்டையும் ஆசாத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்.

பாருங்கள் கூத்தை! ஆட்சியை எதிர்ப்பவர்கள் அவரை ஆட்சியின் கையாள் என்று ஐயப்பட்டார்கள். அந்த ஆட்சியோ அவரை அந்நிய நாட்டின் கையாள் என்று ஐயப்படப் போகிறது. இரு தரப்பாரும் பார்த்தது அவருடைய மதத்தை, அவரை அல்ல!

1912 ஜூலையில் கல்கத்தாவில் அல்-ஹிலால் என்ற உருது வார இதழைத் தொடங்கினார். பிறை என்று பொருள். அப்போது அவருக்கு வயது 23. இரண்டே ஆண்டில் வாரம் 26,000 படிகள் விற்றன. உருது இதழ்கள் அதுவரை காணாத எண்ணிக்கை! பிற மதத்தாரோடு தோள்சேர்ந்து விடுதலைக்குப் போராடுவதே முஸ்லிமின் கடமை என்று எழுதினார். வெள்ளையனுக்கு வியர்த்தது. முஸ்லிம்கள் தனியே நிற்பார்கள் என்று நம்பித்தானே அவன் நாற்காலி நின்றது!

ஆளைப் பிடிக்கவில்லை; இதழின் கழுத்தைப் பிடித்தான். கையிலே இருந்தது 1910 ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம். அச்சகம் நடத்துகிறவன் ஜாமீன் தொகை கட்ட வேண்டும்; அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் தொகை பறிபோகும்; மீண்டும் கட்ட வேண்டும், கூடுதலாக; மீண்டும் எழுதினால் அச்சகமே பறிபோகும். இதுதான் சட்டம்! 1913 இல் கான்பூரில் பள்ளிவாசலின் ஒரு பகுதியைச் சாலைக்காக இடித்தார்கள். கூடிய மக்கள்மீது குண்டு பாய்ந்தது. அல்-ஹிலால் எழுதியது. ஜாமீன் 2,000 ரூபாய் கேட்டார்கள். கட்டினார். அது போயிற்று. 10,000 கேட்டார்கள். 1914 முடியுமுன்னே இதழ் நின்றது. அடுத்த ஆண்டு அல்-பலாக் என்ற பெயரில் மீண்டும் எழுந்தார்.

அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது. 1914 இறுதியில் துருக்கி, ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. துருக்கி சுல்தான் முஸ்லிம்களின் கலீபா. ஆகவே இந்திய முஸ்லிம் ஒவ்வொருவனும் எதிரிக்கு உறவினன் என்று கணக்குப் போட்டது வெள்ளை அரசு.

அந்த அச்சம் முழுவதும் கற்பனையா? நேர்மையாகப் பேசுவோம் தோழர்களே, முழுவதும் கற்பனை அல்ல. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த இந்தியப் படைப்பிரிவு ஒன்று கலகம் செய்தது. பெரும்பாலும் முஸ்லிம் வீரர்கள். துருக்கியோடு போரிட அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம். அடக்கிய பிறகு 47 பேரை மக்கள் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். 1916 இல், பட்டுத்துணியில் எழுதி ரகசியமாக அனுப்பிய கடிதங்கள் பிடிபட்டன. காபூலில் இருந்தவர்கள் வெள்ளையனை விரட்டத் திட்டம் தீட்டியிருந்தார்கள். ஆக, அரசுக்குக் கவலைப்படக் காரணம் இருந்தது. போர்க்காலத்தில் எந்த அரசும் கண்ணை மூடிக்கொண்டிராது.

ஆனால் அதே நேரத்தில் நடந்த மற்றொன்றையும் பாருங்கள். அதே வெள்ளையனுக்காக, அதே துருக்கியை எதிர்த்து, மெசபடோமியாவின் மணலிலே மடிந்தவர்களில் இந்திய முஸ்லிம் சிப்பாய்கள் ஏராளம். கலகம் செய்த சிலரை வைத்து எல்லோரையும் ஐயப்படலாம் என்றால், உயிரைக் கொடுத்த இவர்களை வைத்து எல்லோரையும் நம்ப வேண்டியதுதானே? அது மட்டும் ஏன் நடக்கவில்லை? ஐயத்தின் தராசிலே ஒரு தட்டுத்தான் உண்டு!

1915 இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரைப் பாருங்கள், எத்தனை அழகு! பாதுகாப்பு! அதன்கீழ் ஒருவனை ஊரைவிட்டு விரட்டலாம். ஓர் ஊரிலே கட்டிப்போடலாம். குற்றம் சாட்ட வேண்டாம், சாட்சி வேண்டாம், வழக்கறிஞர் வேண்டாம். பத்திரிகை நடத்திய முகமது அலி, அவர் அண்ணன் சௌகத் அலி இருவரும் 1915 இல் காவலில் வைக்கப்பட்டனர். தேவ்பந்து மார்க்கக் கல்விக்கூடத்தின் முதுபெரும் ஆசான் மகமூத் ஹசன், கடல்கடந்து மால்டா தீவுக்கு அனுப்பப்பட்டார்.

1916 ஏப்ரலில் ஆசாத்தின் முறை வந்தது. வங்கத்தைவிட்டு வெளியேறு என்று உத்தரவு. எங்கே போவது? பஞ்சாப், டில்லி, ஐக்கிய மாகாணம், பம்பாய் எல்லாம் முன்னரே அவருக்குக் கதவடைத்திருந்தன. எஞ்சியது பீகார். ராஞ்சிக்குப் போனார். சில மாதங்களில் அங்கேயே காவலில் வைத்தார்கள். 1919 டிசம்பர் 31 வரை அந்த ஊர்தான் உலகம்!

அவர் செய்த குற்றம் என்ன? அரசு எந்த நீதிமன்றத்திலும் சொல்லவில்லை. பட்டுக் கடிதத்தோடு கிடைத்த பட்டியலிலே அவர் பெயரும் இருந்தது. புரட்சிக்காரர்களோடு உறவு இருந்ததை அவரே மறைத்தவர் அல்லர். சரி, இத்தனை இருந்தால் வழக்குப் போட்டிருக்கலாமே! சாட்சியை நிறுத்தியிருக்கலாமே! நீதிபதியும் வெள்ளையன்தானே, சட்டமும் அவன் எழுதியதுதானே! அதற்குக்கூட ஏன் அஞ்சினான்?

இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் என்றால் அங்கே குற்றம் இன்னது என்று எழுதிக் காட்ட வேண்டும். எந்த நாள், எந்த இடம், எந்தச் செயல் என்று சொல்ல வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நீதிபதி பகைவனாகவே இருந்தாலும், தண்டனைக்குக் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணத்தை நாளை ஒருவன் படித்துக் கேள்வி கேட்பான். ஐயத்துக்கோ நாளும் இல்லை, இடமும் இல்லை, செயலும் இல்லை. தாடி போதும், தொப்பி போதும், பெயர் போதும்!

ராஞ்சியில் ஆசாத் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசலில் பேசினார். பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் எழுப்பினார். திருக்குர்ஆனுக்கு உருதுவில் விளக்கம் எழுதத் தொடங்கினார். போலீசார் சோதனைக்கு வந்தார்கள். கையெழுத்துப் படிகளை அள்ளிப் போனார்கள். மத நூலின் விளக்கத்திலே வெடிகுண்டைத் தேடினார்கள் போலும்! ஒருமுறை அல்ல, பின்னரும் பறித்தார்கள். திரும்பி வந்தவை குலைந்துபோன தாள்கள். மனிதர் தளர்ந்தாரா? மீண்டும் எழுதினார். 1930களில் அந்த நூல் வெளிவந்தது.

வெளியே என்ன நடந்தது? போர் முடிந்தது, பாதுகாப்புச் சட்டம் காலாவதியாக வேண்டும். ஆனால் ருசி கண்ட பூனை உறியை விடுமா? போர்க்காலத்துக்கென்று சொன்ன அதிகாரத்தை அமைதிக்காலத்துக்கும் நீட்ட ரௌலட் சட்டத்தை 1919 மார்ச்சில் கொண்டுவந்தார்கள். அமிர்தசரஸ் நகரில் டாக்டர் கிச்சலு என்ற முஸ்லிமையும் டாக்டர் சத்யபால் என்ற இந்துவையும் ஏப்ரல் 10 அன்று பிடித்து ஊர்கடத்தினார்கள். மக்கள் கொதித்தார்கள். மூன்றாம் நாள் ஜாலியன்வாலாபாக்! அரசின் கணக்கிலேயே 379 பிணங்கள்!

பாதுகாப்புக்கென்று வந்த சட்டம் யாரைப் பாதுகாத்தது? முஸ்லிமுக்கு என்று நெய்த வலை முஸ்லிமோடு நின்றதா? கிச்சலுவோடு சத்யபாலையும் சேர்த்துத்தானே இழுத்தது! வலைக்கு மதம் தெரியாது தோழர்களே. வீசுகிறவனுக்குத்தான் தெரியும். கை மாறினால் குறியும் மாறும்.

விடுதலையான ஆசாத் 1920 இல் காந்தியாரைச் சந்தித்தார். ஒத்துழையாமைப் போரில் குதித்தார். 1921 டிசம்பரில் கைதானார். இந்த முறை வழக்கு உண்டு, ராஜதுரோகக் குற்றச்சாட்டு. நீதிமன்றம் உண்டு. அவர் என்ன செய்தார்? நான் சொல்லவில்லை என்று மறுத்தாரா? இல்லை! தாம் பேசியதும் எழுதியதும் உண்மை; அநீதியான ஆட்சியை அநீதி என்று சொல்வதே தம் கடமை என்று நீண்ட அறிக்கை கொடுத்தார். ஓராண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். ஆனால் அந்த அறிக்கை அச்சேறி நாடெங்கும் பரவியது. ராஞ்சியில் வாய் திறக்க இடமில்லாமல் கழிந்தன மூன்றரை ஆண்டுகளுக்கு மேல். கல்கத்தா நீதிமன்றத்தில் ஒரு நாள் கிடைத்தது. குற்றவாளிக் கூண்டையே அவர் மேடையாக்கினார்! விசாரணை என்ற உரிமையின் விலை இதுதான்.

1923 இல், 34 வயதில், டில்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தலைவரானார். 1940 முதல் 1946 வரை மீண்டும் தலைவர். அப்போது முஸ்லிம் லீக் அவரை இந்துக்களின் காட்சிப் பொம்மை என்று ஏசியது. ஒரு தரப்பார் இவன் முஸ்லிம், நம்பாதே என்றனர். மற்றொரு தரப்பார் இவன் முஸ்லிமே அல்லன் என்றனர். நடுவிலே நின்று இரண்டு கல்லடியும் பட்டவர் ஆசாத்.

1942 ஆகஸ்டில் அகமதுநகர்க் கோட்டை. விசாரணை இல்லை, இத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை. கல்கத்தாவில் மனைவி சுலைகா நோயுற்றுக் கிடந்தார். அரசிடம் ஏதேனும் கேட்க விரும்பினால் அனுப்பி வைக்கிறேன் என்று சிறை அதிகாரியே முன்வந்தார். ஆசாத் எதையும் கேட்க மறுத்துவிட்டார். 1943 ஏப்ரலில் அந்த அம்மையார் கண்மூடினார். கணவர் கடைசி முகமும் காணவில்லை. விசாரணையில்லாக் காவல் என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு வரி. வீட்டிலே அது ஒரு மரணம்.

விடுதலை வந்தது. அதனோடு பிரிவினையும் வந்தது. 1947 செப்டம்பரில் டில்லி பற்றி எரிந்தது. முஸ்லிம்கள் புராணா கிலா என்ற பழைய கோட்டையில் அகதிகளாகக் குவிந்தார்கள். ஆசாத்தின் வீட்டு வளாகத்திலும் கூடாரங்கள் எழுந்தன. அந்த நாளில் நடந்ததாக அவர் தம் நூலில் எழுதியுள்ள ஒன்றைக் கேளுங்கள். முஸ்லிம்கள் தாக்குதலுக்காக ஆயுதம் குவித்திருந்தார்கள் என்று உள்துறை அமைச்சர் பட்டேல் எண்ணினாராம். கைப்பற்றிய ஆயுதங்களை அமைச்சரவை கூடும் அறைக்கு அருகே மேசையில் பரப்பி வைத்தார்களாம். போய்ப் பார்த்தால் என்ன? துருப்பிடித்த சமையல் கத்திகள்! பேனாக் கத்திகள்! பழைய வேலியின் இரும்புக் கம்பிகள்! தண்ணீர்க் குழாய்த் துண்டுகள்! மவுண்ட்பேட்டன் இரண்டொரு கத்தியைக் கையிலெடுத்து, இவற்றைக் கொண்டு டில்லியைப் பிடிக்க எண்ணியவர்களின் போர்க்கலையை வியந்து கேலி செய்தாராம்.

காய்கறி நறுக்கும் கத்தி எந்த வீட்டில் இல்லை? அடுத்த வீட்டில் இருந்தால் அது பாத்திரம். இவன் வீட்டில் இருந்தால் ஆயுதம்! ஆளை முன்னரே குற்றவாளியாக்கிவிட்டால், அடுக்களையும் ஆயுதச்சாலையாகத் தெரியும். இவற்றைத் தேடித் திரிந்த நேரத்தில், தெருவிலே உண்மையான கொலைகாரன் உண்மையான ஆயுதத்தோடு உலவினான். குற்றவாளியைத் தேடாமல் மதத்தைத் தேடுகிற போலீசு, பாதுகாப்பையும் கோட்டை விடுகிறது!

அந்த அக்டோபரில், டில்லி ஜும்மா பள்ளிவாசலில் மூட்டை முடிச்சோடு நின்ற மக்களிடம் ஆசாத் பேசினார். ஓடாதீர்கள்; இது உங்கள் மண் என்று மன்றாடினார். பலர் தங்கினார்கள். அவரை நம்பித் தங்கினார்கள் என்பதைவிட, இந்த நாடு தரப்போகும் சட்டத்தை நம்பித் தங்கினார்கள் என்பதே பொருந்தும்.

அந்தச் சட்டம் என்ன செய்தது? 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்தது! அதை இயற்றிய அமைச்சரவையில் ஆசாத்தும் இருந்தார். ராஞ்சியில் விசாரணையின்றிக் கிடந்தவர் வீற்றிருந்த அவை, விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தைத் தந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. மாமனிதர் வாழ்விலும் கேள்விக்குறி உண்டு. அதிகார நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு, வெள்ளையன் விட்டுப்போன சாவிக்கொத்து வசதியாகத்தான் இருந்தது.

சென்னைச் சிறையிலே அடைபட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடைத்த காரணத்தை நீதிமன்றத்திலும் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாதென்றார்கள், மற்றவை நின்றன. பெரும்பான்மையோடு உடன்படாமல் மாறுபட்டு எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி பசல் அலி. ஒருவன் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். தனித்து ஒலித்த அந்தப் பாதையைத்தான் 1970 இலும் 1978 இலும் உச்ச நீதிமன்றமே பின்பற்றிற்று.

ஆசாத் 1958 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். முதல் கல்வி அமைச்சராகப் பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர். கரக்பூர் தொழில்நுட்பக் கழகமும், பல்கலைக்கழக மானியக் குழுவும், சாகித்திய அகாதமியும் அவர் காலத்தில் எழுந்தவை. 1992 இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 2008 முதல் அவர் பிறந்த நாள் தேசியக் கல்வி நாள். ஒரு காலத்தில் நாட்டுக்கு ஆபத்து என்று ஊர் ஊராக விரட்டிய ஆளைத்தான் பிறகு நாட்டின் அணிகலன் என்று கொண்டாடினார்கள். ஐயப்பட்டவன் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

ஆசாத்துக்குப் புகழ் கிடைத்தது. வரலாறு கணக்கைத் தீர்த்தது. ஆனால் புகழ் இல்லாதவன் கதை என்ன? குண்டு வெடித்த மறுநாள் பெயரைக் கேட்டதும் வாடகை வீடு மறுக்கப்படும் தொழிலாளி, தாடியைப் பார்த்ததும் தனியே நிறுத்திச் சோதிக்கப்படும் பயணி, இவனுக்கு யார் பாரத ரத்னா தருவார்?

குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பவர் உண்டு. பிடிக்க வேண்டும்! அவன் எந்த மதத்தானாயினும் பிடிக்க வேண்டும். குண்டு வெடித்தால் முதலில் சாவது சந்தையில் நிற்கும் ஏழைதான். பாதுகாப்பு வேண்டாம் என்று உழைப்பாளி சொல்ல முடியாது. நாம் கேட்பது வேறு. செயலைக் கொண்டு ஐயப்படுங்கள்; பிறப்பைக் கொண்டு அல்ல. பிடித்தால் குற்றத்தைச் சொல்லுங்கள். விரைந்து விசாரியுங்கள். ஐயத்தையே தண்டனையாக்காதீர்கள்.

இது முஸ்லிம் தோழர்களின் கவலை மட்டும்தானா? 1971 இல் மிசா வந்தபோது உள்நாட்டுப் பாதுகாப்பு என்றுதான் பெயர் சூட்டினார்கள். 1976 இல் அந்தச் சட்டம் தமிழகத்தில் யார் வீட்டுக் கதவைத் தட்டியது என்பதை நம் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! இன்றும் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், நம் மாநிலத்துக் குண்டர் சட்டமும் ஒருவனை ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கும். உபா என்று சொல்லும் சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கலாம். பிணை கிடைப்பது குதிரைக் கொம்பு. நாளை ஆலை வாசலில் கொடிபிடித்து நிற்பவனும் பாதுகாப்புக்கு ஆபத்தானவன் ஆகலாம்.

எனவே, அடுத்த தெருவிலே ஒருவனை மதத்தின் பேரால் மட்டும் இழுத்துப் போகும்போது, அவன் வேறு ஆள் என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். காவல் நிலையத்துக்கு ஒரு வழக்கறிஞரோடு போங்கள். குற்றம் என்ன என்று கேளுங்கள். கைதுக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். நீதிபதி முன்னே நிறுத்தினீர்களா என்று கேளுங்கள். ராஞ்சியிலே ஆசாத்துக்காக அந்த மூன்று கேள்வியைக் கேட்க அன்று ஆள் இல்லை. இன்று நாம் இருக்கிறோம்!